பதினெட்டுப் பாகத்து ஆறு

மாசி மகத்துத் தீர்த்தவாரி முடிந்து, திருவிழாவில் வாங்கிய பொரிகூட இன்னும் நமுத்துப்போகாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற நெட்டோடைக்குப்பத்தில் கடல் ஒரு கூப்பிடு தூரம் பின்னால் போயிருந்தது. சுனாமியைப் பார்த்த ஊர் அது. ஒருத்தரும் நின்று யோசிக்கவில்லை. கைப்பிள்ளையையும் ரேஷன் கார்டையும் அள்ளிக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி, அங்கேயே கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்றுகொண்டு மூன்று நாள் அலைக்காகக் காத்திருந்தார்கள். அலை வரவில்லை. கடல் மட்டும் தினம் ஒரு கூப்பிடு தூரம், யார் மேலும் கோபம் இல்லாத மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தது. நாலாம் நாள் விறகு தீர்ந்துபோக, எப்படியோ போ என்று எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

இறங்கி வந்தவர்களில் தையநாயகி ஒருத்திதான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கரைக்குப் போய், ஈரமணலில் கால் புதையப் புதைய நடந்து, கடல் விட்டுப்போன இடம் முழுக்கக் கண்ணால் துழாவிவிட்டு, கொழுந்தன் அஞ்சாப்புலியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்புடியே போனா பதினெட்டுப் பாகத்துக்கு எப்பப் போவும்?"

அஞ்சாப்புலிக்கு அவள் ஏன் கேட்கிறாள் என்று தெரியும். ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற அளவு. பதினெட்டுப் பாகத் தண்ணீருக்குக் கீழேதான் அவன் அண்ணன் கலியமூர்த்தி கிடந்தான். நாலு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாசத்துக் காற்றில் அண்ணனும் தம்பியும் போன மரப்படகு முழுகியது. பாரமான வலை காலில் சுற்றிக்கொள்ள, அண்ணன் படகோடு கீழே போனான். தம்பி ஐஸ்பெட்டி மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் ஒரு ராத்திரி மிதந்து வந்தான். வந்ததிலிருந்து அவன் அதிகம் பேசுகிறதில்லை, அண்ணியின் முகத்தை நேராகப் பார்க்கிறதும் இல்லை.

"ஆனி பொறந்தாப் போயிரும் அண்ணி," என்றான், மணலைப் பார்த்தபடி.

அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், உடம்பு மண்ணுக்குள் போய் மூன்றாம் நாள் பால் தெளிக்கிற வரைக்கும் ஒரு படகும் தண்ணீரைத் தொடக்கூடாது, ஒருத்தரும் வலையை உதறக்கூடாது, மீன் வெள்ளமாக வந்து கரையில் முட்டினாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. குடிகாரன் செத்தாலும் அந்தக் கட்டுதான், கோள்மூட்டி செத்தாலும் அந்தக் கட்டுதான். ஊர் மொத்தமும் மூன்று நாள் அவனுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். ஆனால் உடம்பு கிடைக்காதவனுக்குக் கட்டு கிடையாது. சாவு என்று சொல்ல உடம்பு வேண்டும், உடம்பு இல்லை, ஆகவே சாவு இல்லை. கலியமூர்த்தி முழுகிய மறுநாள் விடியலிலேயே நாற்பது படகும் கடலுக்குப் போயின. தையநாயகி வாசலில் நின்று நாற்பதின் இன்ஜின் சத்தத்தையும் கேட்டாள். தாலியை அறுக்கவும் இல்லை, பொட்டை அழிக்கவும் இல்லை, யாராவது "பாவம்" என்று வாயைத் திறந்தால், "யாருடி பாவம்? உன் புருசன் பாவம், உன்னைக் கட்டிக்கிட்டு அழுவுறான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நாற்பத்திரண்டு வயசு; அவள் வாய்க்குச் சீர்காழிச் சந்தையே அடங்கும். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று நாள்தான். அவனைக் கொண்டுவந்து கரையில் போடவேண்டும், நாற்பது படகும் அவனுக்காகச் சும்மா கிடக்கவேண்டும், அவள் வாய்விட்டு அழவேண்டும்.

கடல் போனதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், சித்திரையில் வெயில் வருகிறதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். தலைமை நாட்டார் வைரக்கண்ணு ஊரைக் கூட்டி, "கடலு போனா நாமளும் போவணும், மீனு என்னா நடந்து நம்ம வூட்டுக்கா வரும்?" என்றார், அவ்வளவுதான், கீற்றையும் மூங்கிலையும் பிரித்துக்கொண்டு ஊரே கடலுக்குப் பின்னால் கிளம்பிவிட்டது. பத்து நாளைக்கு ஒருதரம் வீடு மாற்றினார்கள். மாரியம்மனை டிராக்டரில் ஏற்றி, கொடிமரத்தைப் பிடுங்கிப் பின்னால் கட்டி, மேளத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். மினிபஸ்காரன் கடற்கரை நிறுத்தத்துக்கு அப்புறம் இன்னும் மூன்று நிறுத்தம் சேர்த்துக்கொண்டான். கிராம நிர்வாக அதிகாரி வந்து, இது ஏரியா குளமா மேய்ச்சலா என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். நாலு பாகத்தில் ஒரு கல்யாணம் நடந்தது, ஏழு பாகத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. பழைய கரையில் "இங்கு அலை ஆபத்தானது, குளிக்காதீர்கள்" என்று எழுதிய போர்டு மட்டும் வெயிலில் தனியாக நின்றது; அதன் நிழலில் ஆடுகள் படுத்துக்கொண்டன.

ஊருக்குப் பின்னால் நெட்டோடை என்று ஒன்று உண்டு. பேர்தான் ஓடை, எப்போதும் இறால் பண்ணைக் கழிவும் பிளாஸ்டிக்கும் தேங்கி நாறிக்கொண்டிருக்கிற ஒரு பள்ளம். கடல் தாழத் தாழ அந்தப் பள்ளத்துக்கு உசிர் வந்துவிட்டது. தாய்ப்பசுவின் பின்னால் கன்று ஓடுகிற மாதிரி அது கடலின் பின்னால் ஓட ஆரம்பித்தது. போகப்போக வேகம், வேகம் கூடக்கூட ஆழம். மணலை அறுத்து, களியை அறுத்து, கீழே கீழே இறங்கி, வைகாசியில் பார்த்தால் பனை உயரக் கரைகளோடு ஒரு பெரிய ஆறு கடலடி நிலத்தின் நடுவே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அறுந்த கரையில் கறுத்த மரக்கட்டைகளும் ஆற்றுக் கூழாங்கல்லும் நல்லதண்ணீர்ச் சிப்பியும் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

அதைப் பார்க்கத்தான் மண்ணு வாத்தியார் வந்தார். அவருக்கு வேறு பேர் இருந்தது, ஊருக்கு அது வாயில் வரவில்லை. எங்கோ ஒரு கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், கையில் ஒரு சுத்தியல், தலையில் ஒரு தொப்பி. பகலெல்லாம் கரையைத் தட்டிக்கொண்டிருப்பார், மத்தியானம் தையநாயகி கொடுக்கிற கஞ்சியைக் குடிப்பார்.

"இது புது ஆறு இல்லைம்மா. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் இப்படித்தான் கீழே போச்சு, ஆறு பின்னாலயே வந்து வெட்டிக்கிட்டுப் போச்சு. திரும்பக் கடல் ஏறிச்சு, பள்ளத்தையெல்லாம் சேறு மூடிச்சு. அப்புறம் இன்னொருதரம். ஒரு ஆத்தோட குழிமேல இன்னொரு ஆறு. நான் இந்தக் கரையில நாலு தடவை எண்ணிட்டேன்."

"அப்ப மறுபடியும் கடலு வருமா?"

"வரும். வர்றப்ப அலையா வராது. மொதல்ல ஆறு நிக்கும். தண்ணி போக்கிடம் இல்லாம தேங்கும், தேங்கினா சேறு படியும். கடல் வர்றதுக்கு முன்னாடியே பள்ளம் தூந்துடும். ஆறு நின்னுச்சுன்னா நீங்கள்லாம் கிளம்பிடணும்."

தையநாயகி அதைக் கேட்டுக்கொண்டாள். கஞ்சிக்கு இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள்.

ஆறு ஆழமானதும் இன்னொரு தொல்லை வந்தது. ஊர் ஆற்றுக்குத் தெற்கே, ரோட்டுக்குப் போகிற வழி ஆற்றுக்கு வடக்கே. பாலம் வேண்டும். அரசாங்கம் பாலம் போடுகிறதற்குள் கடலே திரும்பி வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டு, பழைய கரையின் மணல்மேட்டில் நின்ற இரட்டைப்பனையை வெட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். வெட்டினவன் அஞ்சாப்புலி. வடத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தவர்களில் தையநாயகியும் ஒருத்தி. அந்தப் பனை ஐம்பது வருஷமாகக் கடலில் இருக்கிறவனுக்கு வழி சொன்ன பனை. ஆனால் கடலில் இருந்து பார்த்தால்தானே அது அடையாளம், கடல் போன பிறகு அது வெறும் மரம்தானே என்று அன்றைக்கு எல்லோருக்கும் பட்டது. பாலத்தில் முதலில் நடந்து அக்கரை போனவளும் அவள்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனி பிறந்தது. மணல் தீர்ந்து கறுப்புக் களி தொடங்குகிற இடத்தைக் கடல் தாண்டியது. அந்தக் களிதான் பதினெட்டுப் பாகம், நங்கூரத்தில் ஒட்டிவருகிற மண்ணைப் பார்த்தே அந்த ஊர் ஆண்கள் அதைச் சொல்லிவிடுவார்கள். தையநாயகி தலைக்குக் குளித்து, ஒரு புதுவேட்டியும் ஒரு படி அரிசியும் எடுத்துக்கொண்டு, அஞ்சாப்புலியை முன்னால் விட்டு நடந்தாள்.

"எடத்தைக் காட்டு," என்றாள்.

படகில் இருந்த ஜி.பி.எஸ். படகோடு போய்விட்டது, ஆனால் அஞ்சாப்புலிக்கு அது வேண்டாம். இரட்டைப்பனை இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து ஒற்றைப்பனையாகத் தெரியவேண்டும். மாரியம்மன் கொடிமரம் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த்தொட்டிக்கு நேர்மேலே வந்து நிற்கவேண்டும். இரண்டும் ஒருசேர எங்கே அமைகிறதோ அங்கே அண்ணன். நாலு வருஷமாகக் கண்ணை மூடினால் அவனுக்கு அதுதான் தெரிந்துகொண்டிருந்தது. அவன் களியில் நின்று, கரையைப் பார்த்துத் திரும்பி, வலது கையைப் பனையை நோக்கி நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. மேடு மொட்டையாக இருந்தது. கொடிமரம் அவனுக்கு முதுகுப்பக்கம், புதுக்கரையில், காவித்துணி படபடக்க நின்றது.

"அண்ணி," என்றான். அப்படியே களியில் குந்தி, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

தையநாயகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, வடத்தை இழுத்த தன் கையைத்தான் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து விலக்கி, "அடிச்சிக்காதடா, அடிச்சிக்காத, நானுந்தான்டா இழுத்தேன்," என்றாள். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

களிநிலம் கண்ணுக்கெட்டின தூரம் கிடந்தது. நங்கூரங்கள், அறுந்த வலைகள், யாருடையது என்றே தெரியாத படகுகளின் விலா எலும்புகள், ஒரு கப்பலின் சங்கிலி. எல்லாவற்றின் மேலும் மணல் ஏறி ஏறி மேடு மேடாக ஆகியிருந்தது. எந்த மேட்டைத் தோண்ட? அஞ்சாப்புலி பதினோரு மேட்டைத் தோண்டினான், பதினோரு ஊர்க்காரர்களின் படகு கிடைத்தது. அப்போது மண்ணு வாத்தியார்தான், தோண்டுகிறதற்கு ஆறு இருக்கிறதேம்மா என்றார்: ஆறு ஒரே இடத்தில் நிற்காது, வளைவின் வெளிக்கரையைத் தின்றுகொண்டே நகரும், ஒரு நாளைக்கு ஒரு முழம் என்றாலும் உங்கள் ஊரே சேர்ந்து தோண்டுகிறதைவிட அதிகம். தையநாயகி அன்றிலிருந்து ஆற்றின் பின்னால் நடந்தாள். ஆனியில் இருந்து மாசி வரைக்கும் எட்டு மாசம், காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம், கரை எங்கே சரிந்திருக்கிறது, சரிந்த இடத்தில் மரம் தெரிகிறதா, பெயின்ட் தெரிகிறதா, வலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவாள், ஆற்றிடம் பேசுவாள், திட்டுவாள், "தின்னு, இந்தப் பக்கம் தின்னேன், அந்தப் பக்கம் என்னா ருசி உனக்கு?" என்பாள்.

அந்த எட்டு மாசமும் ஊர் பட்டினி கிடந்தது. ஆறு அறுத்த மண்ணெல்லாம் கடலில் போய்க் கொட்ட, தண்ணீர் செம்மண் குழம்பாகி, மீன் எங்கோ ஆழத்துக்கு ஓடிவிட்டது. நாற்பது படகும் போய் நாற்பது படகும் வெறுமனே வந்தன. பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார்கள். ரேஷன் அரிசி இருபதாம் தேதியோடு தீரும். அதற்கப்புறம் மரவள்ளிக்கிழங்கு, அதற்கப்புறம் தண்ணீர். வைரக்கண்ணு நாட்டாரின் மகள்வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்தாள்; அவளோடு இன்னும் நாலு பிள்ளைகள் விழுந்தன. கைக்குழந்தை ஒன்று தையில் செத்தது. அதற்கும் மூன்று நாள் கட்டுப் போட்டார்கள், போட்டாலும் போடாவிட்டாலும் கடலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே போட்டார்கள்.

ஆனிக்கு அப்புறம் வேகம் குறைந்து ஊர்ந்துகொண்டிருந்த கடல் மாசியில் நின்றது. இருபத்திரண்டு பாகத்தில் ஊர் குடியிருந்தபோது ஒருநாள் பின்வாங்கவில்லை, மறுநாள் ஒரு சாண் முன்னால் வந்தது. ஆறு தயங்கியது, சுழித்தது, வாய்ப்பக்கம் இருந்து மேல்நோக்கித் தேங்கியது. தெளிந்த தண்ணீருக்கடியில் சேறு ஆடை மாதிரி படிய ஆரம்பித்தது. கடல் தெளிந்தது. தெளிந்த கடலில் மீன் வந்தது. சாதாரணமாக வரவில்லை; கானாங்கெளுத்தி, முகத்துவாரத்துக்கு வெளியே தண்ணீரே கறுத்துப்போகிற அளவுக்கு, பார்த்த கிழவர்கள் வாயில் கைவைத்துக்கொள்கிற அளவுக்குக் கூட்டமாக வந்து நின்றது.

அதே காலையில், ஆற்றின் பெரிய வளைவில் கடைசியாக ஒரு கரை சரிந்தது. சரிந்த சுவரில் ஒரு படகின் முகப்பு நீட்டிக்கொண்டிருந்தது. நீலப் பெயின்ட். அதில் வெள்ளையில் "தையநாயகி" என்று எழுதியிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தன் பேரை மட்டும் தெரியும். படகு வாங்கின அன்றைக்கு அவன்தான் விரல் பிடித்து அந்த எழுத்தின்மேல் நகர்த்திக் காட்டியிருந்தான். முகப்புக்குப் பின்னால் வலைப்பந்து, வலைக்குள் எலும்பு, எலும்பைச் சுற்றி வெள்ளி அரைஞாண்கொடி, கறுத்து, கழன்றுபோகாமல் இருந்தது.

தையநாயகி தொட்டாள். இழுத்தாள். படகின் மற்ற பாதி கரைக்குள் கல்லாக இறுகிக் கிடந்தது. வலை படகோடு, அவன் வலையோடு. அவள் ஒருத்தியால் ஆகாது, பத்து ஆளும் வடமும் வேண்டும். "இருய்யா, தோ வந்துர்றேன், எங்கயும் போயிராத," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கரையில் நாற்பது படகும் தண்ணீரில் பாதி இறங்கியிருந்தன. ஆண்கள் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்; பெண்கள் எட்டு மாசத்துக்கு அப்புறம் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்; பிள்ளைகள் சும்மாவே கத்திக்கொண்டு ஓடினார்கள். தையநாயகி வைரக்கண்ணு நாட்டாரின் எதிரே போய் நின்று, மூச்சு வாங்க, "மாமா, கெடைச்சிட்டாரு," என்றாள்.

அவர் கையில் இருந்த கயிறு தளர்ந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேருக்குக் கேட்டது. அவர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். நாட்டார் அவளைத் தனியாகப் படகின் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"யாருகிட்டயாவது சொன்னியா தாயி?"

"ஒங்ககிட்டதான் மொதல்ல. பத்து ஆளு குடுங்க மாமா, வடம் குடுங்க. தூக்கிருவோம்."

"தூக்குனா கட்டு."

"ஆமா. கட்டுதான்."

அவர் கடலைப் பார்த்தார். கரையில் இருந்தே கறுப்புத் தெரிந்தது.

"மீனு மூணு நாளு நிக்காது தாயி. ரெண்டு நாளு நின்னாலே பெருசு. பொட்டச்சிங்க மாருல புள்ளைங்களுக்குப் பால் இல்ல. எம் பேத்தி ஒடம்புல எலும்பு எண்ணலாம். நான் என்னா செய்யட்டும், சொல்லு."

"அஞ்சு வருசம் மாமா. அவருக்காவ ஒரு நாளு நிறுத்துனீங்களா?"

"இல்ல. நிறுத்தல." அறுபது வயசு ஆள், துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் காலைத் தொடுகிற மாதிரி மண்ணில் குனிந்தார். "நீ இன்னும் பாக்கல. நாளன்னிக்குப் பாப்ப. நாளன்னிக்கு ஊரே வரும், மேளத்தோட வரும். அதுவரைக்கும் நீ பாக்கல தாயி."

அவளுக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. வாய் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், கட்டு விழுந்துவிடும், அந்தக் கட்டை நாட்டாராலேயே அவிழ்க்க முடியாது. அவள் திரும்பிப் பார்த்தாள். அஞ்சாப்புலி ஒரு படகின் முகப்பில் தோள் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் நாட்டாரின் பேத்தி, தன்னைவிடப் பெரிய கூடையை வைத்துக்கொண்டு, அதற்குள் உட்கார்ந்து எழுந்து விளையாடிக்கொண்டிருந்தாள். தையநாயகி நெஞ்சில் இருந்த காற்றை விட்டாள்.

"நான் பாக்கல," என்றாள். "போங்க."

நாற்பது படகும் போயின. அவள் ஒரு மம்பட்டியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொண்டு வளைவுக்குத் திரும்பினாள்.

அந்த இரண்டு நாளும் அவள் தனியாகத் தோண்டினாள். தண்ணீர் முழங்காலில் இருந்தது, இடுப்புக்கு வந்தது. சேறு மேலிருந்து விழவில்லை, அடியிலிருந்து ஏறியது. அவள் ஒரு வாளி அள்ளினால் ஒன்றரை வாளி வந்து நிரம்பியது, மெதுவாக, மென்மையாக, எந்த அவசரமும் இல்லாமல். முதல் நாள் சாயங்காலம் அரைஞாண்கொடி சேற்றுக்குள் போனது. அவள் கையை விட்டுத் துழாவி அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றாள், அறுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, அறுக்கவில்லை. முழுசாக ஊர் வந்து தூக்கும்போது அது அவன் இடுப்பில் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் வலை போனது. "தை" போனது, "ய" போனது, "நா" போனது. வெயில் தாழ்கிறபோது கடைசி எழுத்தின்மேல் அவள் கையை வைத்துக்கொண்டு, சேறு கையின்மேல் ஏறி மூடுகிற வரைக்கும் நின்றாள். பிறகு கழுத்தளவு தண்ணீர் வந்துவிட்டதால் கரையேறினாள்.

மூன்றாம் நாள் ஊர் வந்தது. சொன்ன சொல் தவறாமல், மேளத்தோடும் சங்கோடும், மூங்கில் பாடை கட்டி, பூப்போட்டு, வடமும் மம்பட்டியுமாக இருநூறு பேர் வந்தார்கள். எல்லோர் வயிறும் நிறைந்திருந்தது, பெண்கள் மனசார அழுதுகொண்டே வந்தார்கள். வந்து நின்றார்கள். ஆறும் இல்லை, வளைவும் இல்லை, கரையும் இல்லை. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மட்டமாகச் சேறு, அதன்மேல் ஒரு சாண் தண்ணீர், தண்ணீரில் வானம். அவளே எந்த இடம் என்று காட்ட முடியாமல் நின்றாள். அஞ்சாப்புலி இடுப்பளவு சேற்றில் இறங்கி நடந்து, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே போனான். நாலு பேர் வடம் போட்டு இழுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

தையநாயகி வைரக்கண்ணு நாட்டாரைப் பார்த்துக் கேட்டாள், எல்லோரும் கேட்கத்தான் கேட்டாள்: "ஒடம்பு இருக்கு. அடக்கம் பண்ணல. கட்டு உண்டா, இல்லியா?"

மேளக்காரன் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். நாட்டார் அந்தச் சேற்றைப் பார்த்தார். உண்டு என்று சொன்னால் அது எப்போது அவிழும்? அந்தச் சேற்றைத் தோண்டி முடிக்கிற வரைக்கும் ஒரு படகும் தண்ணீரைத் தொடமுடியாது. தோண்டி முடிக்கவும் முடியாது.

"இல்ல தாயி," என்றார் கடைசியில். "யாரும் ஒண்ணும் பாக்கலியே."

வெறும் பாடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடியலில் நாற்பது இன்ஜின் சத்தமும் கேட்டது.

அப்புறம் கடல் வந்தது, போன மாதிரியே, தினம் ஒரு கூப்பிடு தூரம். ஊர் கீற்றையும் மூங்கிலையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது, மாரியம்மன் டிராக்டரில் வந்தாள், மினிபஸ்காரன் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டான். இரட்டைப்பனைப் பாலத்தைத் தூக்க யாருக்கும் மனசு வரவில்லை, அப்படியே விட்டார்கள், அதன்மேலும் மண் மூடியது. ஆடிக்கு முன்னால் எல்லோரும் பழைய இடத்தில் இருந்தார்கள். அலை போர்டின் காலில் வந்து அடித்தது. ஆடுகள் வேறு நிழல் தேடிக்கொண்டன. மண்ணு வாத்தியார் கடைசியாக ஒருதரம் வந்து, ஐந்தாவது, என்று நோட்டில் எழுதிக்கொண்டு, தையநாயகி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனார்.

தையநாயகி தாலியோடுதான் இருக்கிறாள். விடிந்தால் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு வருகிறாள், ஏலத்தில் நிற்கிறாள், அதே வாய், அதே சண்டை. ஒன்றே ஒன்றுதான் புதுசு: எந்தப் படகின் மீனையும் தொடுவதற்கு முன்னால், "எத்தினி பாகத்துல புடிச்ச?" என்று கேட்கிறாள். பதினெட்டு என்று சொன்னவனிடம் முதல் மாசத்தில் அவள் வாங்கவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாள், அவனும் மீனை விற்காமல் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் ஊர் கற்றுக்கொண்டது. இப்போது யாரைக் கேட்டாலும், கிழவனைக் கேட்டாலும் நேற்றுக் கடலுக்குப் போன பையனைக் கேட்டாலும், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். அஞ்சாப்புலியும் அதைத்தான் சொல்கிறான்.

"பன்னெண்டு பாகம் அண்ணி."

அவள் ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிளந்து மோந்து பார்க்கிறாள். உள்ளே கறுப்புக் களி ஒட்டியிருக்கிறது, ஆற்றுச் சேற்றின் வாசம் அடிக்கிறது. பன்னெண்டு பாகத்தில் வெறும் மணல்தான் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரி, கூடையில போடு," என்கிறாள்.